பள்ளிமடத்துக் கல் என்ன சொல்கிறது?

திருச்சுழிக்குப் பக்கத்துப் பள்ளிமடம் காளைநாதர் கோயிலைப் ‘பாண்டியர் கலை’ என்று புகழ்வது சுலபம். வாசிப்பதுதான் சிரமம். சிவன் கோயில்தான், ஆனால் அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் சில, வெண்பு நாட்டுக் குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளி என்கிற சமணப் பள்ளிக்கு விடப்பட்ட கொடைகளைப் பேசுகின்றன. லேசுப்பட்ட பள்ளியல்ல அது. மதுரைக்கு மேற்கே சமணர் மலையில் 9-10ஆம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் சிற்பங்களின் கீழே குறண்டிப் பள்ளி ஆசிரியர்கள், மாணாக்கர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன.

பள்ளி அழிந்தபின் அதன் கற்களே பள்ளிமடத்துக்கு வந்து சேர்ந்தன என்பது கல்வெட்டறிஞர் கருத்து. கேட்டதும் ‘இடிச்சுத்தானே கட்டினாங்க’ என்று ஒரு தரப்பு கிளம்பும். ‘எல்லாம் ஒரே மதந்தானப்பா’ என்று இன்னொரு தரப்பு சமணத்தையே விழுங்கிவிடும். கல் இரண்டு பேருக்கும் சாட்சி சொல்லவில்லை. கல் இடம் மாறியது என்பதற்குத்தான் அது சாட்சி. பள்ளியை இடித்த கை எது, இடித்தார்களா, தானாகச் சரிந்ததா என்பதற்கு அல்ல.

இது வெறும் தொல்லியல் நுணுக்கமில்லை. பழைய கட்டடத்தின் கதையைச் சொல்லியே 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் ஒரு மசூதியை இடித்தார்கள். ஆகவே கரிசக்காட்டுக் கோயில் சுவரையும் நிதானமாகத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. சமணர் இங்கே வாழ்ந்தார்கள், கற்பித்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது; அதை வைத்து இன்றைக்குப் பழி தீர்க்கவும் கூடாது. சுவரில் இருக்கிற வரியைச் சுவரில் இருக்கிறபடி சொல்வதே இப்போதைக்கு அரசியல்.