பைரைட்டுக்கு எத்தனை முகம்?

படிகம் வரையும் மென்பொருளுக்கு எல்லா முகங்களையும் எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றைச் சொன்னால் போதும், சமச்சீரைப் பார்த்து மிச்சத்தை அதுவே போட்டுக்கொள்ளும். வசதியும் அதில்தான், வம்பும் அதில்தான். வெஸ்டா என்ற மென்பொருளில் பைரைட்டை வரைந்து பாருங்கள். சமச்சீர் வகையைச் சொல்லும் ஸ்பேஸ் குரூப் எண் 205, அலகுக்கூட்டின் பக்கம் 5.42 ஆங்ஸ்ட்ராம், முகம் 210. பன்னிரண்டு ஐங்கோணங்களோடு, அருங்காட்சியக அலமாரியில் இருப்பது மாதிரியே ஒரு படிகம் திரையில் வந்து நிற்கும். வேறு எதையும் தொடாமல் ஸ்பேஸ் குரூப்பை மட்டும் 221 ஆக்குங்கள். 24 முக்கோணங்கள்! இதுவும் கனசதுரத் தொகுதிதான், கொடுத்த முகமும் அதே 210தான். ஆனால் அந்த 24-ம் ஒரே வகை முகமாக இருக்க பைரைட்டின் சமச்சீர் இடம் தராது. மென்பொருள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

முகத்தை 100 என்று கொடுத்தால் இரண்டிலும் வெறும் கனசதுரம்தான் வரும், வித்தியாசமே தெரியாது. நிஜப் பைரைட் கனசதுரத்தில் அது தெரிந்துவிடும். முகத்துக்கு முகம் கோடுகள் திசை மாறி ஓடி, நான்மடிச் சுழற்சி இங்கே கிடையாது என்று காட்டிக்கொடுக்கும். திரையில் வரும் முகங்களோ வழவழவென்று இருக்கின்றன.

வெஸ்டா ஜப்பானில் பிறந்தது. மொம்மா கோயிச்சி, இசுமி ஃபுஜியோ இருவரும் எழுதியது. மூன்றாம் பதிப்பைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 2011இல் வந்தது. வணிகம் சாராத வேலைக்கு இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அணு அமைப்பைக் காட்டுவதுதான் இதன் முதல் வேலை. படிகத்தின் வெளி உருவம் பிறகு சேர்ந்த பகுதி, அது கொஞ்சம் தெரியவும் செய்கிறது.

சமச்சீரைத் தேர்வது ‘யூனிட் செல்’ பக்கத்தில். 230 ஸ்பேஸ் குரூப்புகளும் வரிசையாக இருக்கின்றன. அதற்குப் பக்கத்திலேயே ‘செட்டிங்’ என்று ஒரு சின்னப் பெட்டி. பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் கணக்கில் இந்த மென்பொருளிலேயே மிக முக்கியமான பெட்டி அதுதான். வைரத்தை எடுத்துக்கொள்வோம்: ஸ்பேஸ் குரூப் 227, பக்கம் 3.567 ஆங்ஸ்ட்ராம், கார்பன் 0, 0, 0இல். முதல் செட்டிங்கில் கூட்டுக்கு எட்டு அணுக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு அண்டை, பிணைப்பு 1.54 ஆங்ஸ்ட்ராம். இரண்டாவது செட்டிங்கில் ஆதிப்புள்ளி இடம் மாறுகிறது. அதே 0, 0, 0 இப்போது 16 அணுக்களாகப் பெருகி, ஒவ்வொன்றும் ஆறு அண்டைகளோடு 1.26 ஆங்ஸ்ட்ராமில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்ளும். உலகத்தில் அப்படி ஒரு கார்பன் கிடையாது. அந்த செட்டிங்கில் கொடுக்க வேண்டியது 0.125, 0.125, 0.125.

இதற்கு ஒரு காவலும் வைத்திருக்கிறார்கள். முப்பரிமாண அமைப்பு மாறாமல் அணு இடங்களைத் திருத்திக்கொள்ளச் சொல்லும் டிக் பெட்டி அதே பக்கத்தில் இருக்கிறது. டிக் போட்டுவிட்டு செட்டிங்கை மாற்றினால் எண்கள் மாறும், படிகம் மாறாது. டிக் இல்லையென்றால் எண்கள் அப்படியே இருக்கும், படிகம் வேறாகிவிடும். இரண்டுமே சில சமயம் தேவைதான். எந்த நேரத்தில் எது என்று தெரியாதவருக்கு இந்தப் பக்கம் கண்ணிவெடி. படிக அமைப்பு விவரங்களைத் தாங்கிய சிஐஎஃப் கோப்பைத் திறப்பவருக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை, சமச்சீர் விவரம் கோப்போடு வந்துவிடும். கட்டுரையைப் பார்த்து எண்களைக் கையால் தட்டுகிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

கால்சைட் இன்னொரு வகை வில்லங்கம். பழைய கனிமவியல் புத்தகங்கள் அது பிளவுபடும் முகத்தை 101 என்று சொல்லும். எக்ஸ் கதிர் வழியே கண்ட கூட்டில் சி அச்சு அந்தப் பழைய அளவைப்போல் நான்கு மடங்கு, 17.06 ஆங்ஸ்ட்ராம். அந்தக் கூட்டை வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பார்த்து 101 என்று தட்டினால், ஒடுங்கி நீண்ட ஊசிமாதிரி உருவம் வரும். தட்ட வேண்டியது 104.

திசைக்கு வருவோம். மேலே ஏ, பி, சி என்று மூன்று பொத்தான்கள், பக்கத்தில், முகங்களுக்குச் செங்குத்தான திசைகளுக்கு ஏ-ஸ்டார், பி-ஸ்டார், சி-ஸ்டார். கனசதுரத்தில் இரண்டு வரிசையும் ஒரே காட்சியைத்தான் தரும். ஆர்த்தோக்ளேஸ் போன்ற ஒற்றைச்சரிவுப் படிகத்தில் அப்படியில்லை. அங்கே பீட்டா கோணம் சுமார் 116 டிகிரி, ஆகவே ஏ அச்சும் ஏ-ஸ்டாரும் 26 டிகிரி விலகி நிற்கும். ஏ பொத்தானை அழுத்தினால் படிகம் சாய்ந்து தெரியும். சி அச்சு நேராக நிற்க, முன்முகம் நம்மைப் பார்க்க வேண்டுமென்றால் ஏ-ஸ்டார்தான்.

பழைய புத்தகப் படங்களின் அழகான கோணத்துக்கென்று தனிப் பொத்தான் இல்லை. அது எனக்குப் பெரிய குறை. ஆனால் சுழற்சி அளவை எண்ணாகக் கொடுக்கலாம். முன்முகத்தில் தொடங்கி, பக்கமுகம் தெரியும்படி நிலைக்குத்து அச்சில் 18.43 டிகிரி திருப்பி, மேல்முகம் தெரிய 9.46 டிகிரி சாய்த்தால் அந்தக் காட்சி கிடைத்துவிடுகிறது. பார்வையை இணைவீழலில் வையுங்கள், தொலைவு ஆழம் காட்டும் பார்வை வேண்டாம். ஒருபோக்கான விளிம்புகள் இணையாகத் தெரியாவிட்டால் படிகப் படத்தைப் படிக்கவே முடியாது.

கனிம உருவம் மட்டும் வேண்டுமென்பவர்கள் பிரௌசரிலேயே ஓடும் ஸ்மார்ஃப் பக்கம் போகலாம். உள்ளே அணுக்களும் வெளியே முகங்களும் ஒன்றாகத் தெரிய வேண்டுமென்றால் வெஸ்டாதான். சேமிக்கும்போது வெஸ்டாவின் சொந்தக் கோப்பு வடிவில் சேமியுங்கள், திருப்பி வைத்த கோணமும் அதில் தங்கும். சிஐஎஃப்பாக ஏற்றுமதி செய்தால் அணு அமைப்பு மட்டும் போகும், கோணம் போகாது.