மூங்கிலில் இறங்கிய மாலை

1982 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கிய இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு நாளின் நிகழ்ச்சிகள் மாலையில் விரிந்து இரவிலேயே முடிந்துவிடும். ஆயினும் மொனராகலை இறப்பர்த் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளில், அவற்றைத் திரையில் இறக்குவதே நுண்ணிய கைவினையாக இருந்தது. ஒளிபரப்புக்கு முன் திரையைச் சரிபார்க்கக் காட்டப்படும் அசையாப் படமான பரீட்சைக் கோலம் தோன்றும்போதே, ஒருவர் கூரையோரம் நின்று, ஏரியல் கட்டிய மூங்கிலைப் பிதுருதலாகலை மலையுச்சி ஒளிபரப்புக் கோபுரத்தின் திசைக்கு விரலளவு விரலளவாகத் திருப்புவார்; காய்ந்த மூங்கில் கம்பிக்கட்டில் உரசிக் கிறீச்சிட, லயத்து அறையான காம்பிராவுக்குள்ளிருந்து "இன்னுங் கொஞ்சம்... போதும், போதும்" என்ற குரல் வரும்.

இரைச்சல் மெல்ல அடங்கி, வெண்புள்ளிகளுக்கிடையே செய்தி வாசிப்பாளரின் முகம் தெளியும் கணத்தின் இன்பம் தனியானது. மின்சாரம் எட்டாத லயங்களில் கார் பற்றரியே துணை; அது சோரச் சோரப் படம் ஓரங்களில் சுருங்கும் என்பதால், தமிழ்ச் செய்திக்கு எவ்வளவு, நாடகத்துக்கு எவ்வளவு என அதன் வலுவைப் பங்கிட்ட பொறுமையும் கணிப்பும் மெச்சத்தக்கவை. இலங்கைத் தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தை எழுதுவோர் நிலையக் கலைஞர்களுக்கு அருகே இக்கைகளுக்கும் ஓர் இடம் தருதல் வேண்டும்.