டயலைக் கழுவாதீர்கள்

ஈக்காட்டுத்தாங்கலில் ஞாயிற்றுக்கிழமைதான் லேத் பட்டறைகளின் சத்தம் அடங்கும். அன்று காலை ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு, அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா வாட்ச்சை வெயிலுக்குச் சாய்த்துப் பிடிப்பேன். வெள்ளை டயல் இப்போது ஏடு படிந்த பால் நிறம். ஆறு மணிக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு கறை.

"டயலைக் கழுவி புது பெயின்ட் அடிச்சுரலாம் சார், புதுசாட்டம் இருக்கும்" என்றார் ரிப்பேர்காரர். அன்போடுதான் சொன்னார். வேண்டாம் என்றேன். சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கிய எச்.எம்.டி.யின் அச்சு எழுத்து அந்த டயலில் இருக்கிறது. கழுவினால் அது போய்விடும், திரும்ப வராது. கோயில் சுவரை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தபோது கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்ததே, அதே கதைதான்.

தொழிற்சாலை டயலில், செதுக்கிய தகட்டிலிருந்து மையை மெத்தென்ற திண்டு ஒன்று எடுத்து ஒற்றுகிறது. லூப்பில் பார்த்தால் எழுத்து மெல்லப் புடைத்து, விளிம்பு கத்தி போல நிற்கும். மறுபூச்சில் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும். நிமிடக் கோடு மணிக் குறியை விட்டு மயிரிழை விலகியிருக்கும். எச்.எம்.டி.யின் இன்னொரு மாடலான பைலட்டின் அழகே அதன் கறுப்பு டயல். இன்று சந்தையில் ஆரஞ்சும் பச்சையுமாகப் பளபளக்கும் பைலட்களில் பெரும்பாலானவை மறுபூச்சு கண்டவை. சேகரிப்பவர்கள் அவற்றை ஒதுக்குகிறார்கள். நியாயம் என்றே நினைக்கிறேன்.

விலை உயர்ந்த வாட்ச்களில், டயலை வைத்து மதிப்பிடும் இந்தக் கணக்கு பிரமிக்க வைக்கும். ரோலக்ஸ் டேடோனா 6239 என்ற ஒரே மாடலில், டயலுக்குள் இருக்கும் சிறு வட்டங்களின் கோடுகளுக்கு நுனியில் குட்டிச் சதுரம் வைத்த டயல் ஒன்று வந்தது. எந்திரம் அதேதான், கேஸும் அதேதான். வந்த காலத்தில் அதை வாங்க ஆளில்லை. பிறகு நடிகர் பால் நியூமனின் பெயர் அந்த டயலுக்கே ஒட்டிக்கொண்டது. அவர் கட்டியிருந்த வாட்ச் 2017-ல் நியூயார்க் ஏலத்தில் ஒன்றே முக்கால் கோடி டாலருக்கு மேல் போனது. அந்தத் தொகையில் கட்டியவர் புகழுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அவர் கை படாத வாட்ச்களும், அந்த டயல் இருந்தால், சாதாரண டயல் உள்ளவற்றைவிடப் பல மடங்கு விலை பெறுகின்றன.

பழசானாலே விலை ஏறிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாம்பழம் பழுப்பதும் அழுகுவதும் ஒன்றா? கறுப்பு டயல் வெயிலில் சீராகக் காப்பி நிறத்துக்கு மாறினால் அது பழுத்தது; அதற்குத் தனி விலை. நம் ஊர் ஐப்பசி ஈரம் உள்ளே புகுந்து, பூச்சு கொப்பளித்து உரிந்தால் அது அழுகல், விலை சரியும். இருட்டிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். டயலின் அடியில் 'ஸ்விஸ் மேட்' என்பதன் இரு பக்கமும் 'டி' எழுத்து இருந்தால், ஒளிப்பூச்சு டிரிட்டியம். சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகக் குறையும். 1970-களின் டயல் இன்று பளீரென ஒளிர்ந்தால், பூச்சு பிறகு யாரோ வைத்தது.

எனக்கு மிகப் பிடித்த டயல், மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் விற்ற பாக்கெட் வாட்ச்சினுடையது. 1849-லிருந்து வரும் கடை அது. செம்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பரப்பி உலையில் சுட்ட எனாமல். வெண்மை மங்குவதே இல்லை. நான் பார்த்த ஒன்றில் நடுவிலிருந்து நான்கு மணி வரை விரிசல் ஓடியிருந்தது. அந்த விரிசல் விலையைக் குறைத்திருந்தது. கடைப் பெயருக்குக் கீழே 'மெட்ராஸ்' என்ற எழுத்து ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. லூப்பை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.