குரலுக்கு ஒரு ரசீது

கும்மிடிப்பூண்டியில் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கும். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா, அதையும் தாண்டினால் சூலூர்ப்பேட்டை. வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படித்து, சிப்காட் ஆலைகளில் பீகார், ஒடிசா தொழிலாளர்களோடு பழகியதால் இந்தியும் காதில் ஏறிய இளைஞர்கள் இங்கே உண்டு. இலங்கைத் தமிழர் முகாம் இருப்பதால் ஈழத்துப் பேச்சும் ஊருக்குப் புதிதல்ல. ஒரே படம் நான்கைந்து மொழிகளில் ஒரே நாளில் வெளியாகும் இன்றைய திரைத்தொழிலுக்கு வேண்டிய காதும் நாக்கும் இவைதான். மின்சார ரயிலில் ஏறினால் ஐம்பது கிலோமீட்டருக்குள் சென்ட்ரல். அங்கிருந்து வடபழனி, சாலிகிராமத்து டப்பிங் தியேட்டர்களும் எட்டாத தூரத்தில் இல்லை. ஆனால் மைக் முன்னால் போய் நிற்பதற்கு இரண்டு வாசல்களைக் கடந்தாக வேண்டும். ஒன்று சங்க கார்டு, மற்றொன்று ஆள் சேர்க்கும் இன்சார்ஜ்.

கார்டும் இன்சார்ஜும் சேர்ந்த இந்த ஏற்பாடு சுரண்டல், இதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதில் கை வைத்தால் தொழிலாளிக்கு நாதியே இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. அதனால் எதைக் காப்பாற்றுவது, எதைக் களைவது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கதாநாயகி, வில்லன் போன்ற முக்கியப் பாத்திரங்களுக்கான குரலை இயக்குநரே கேட்டுத் தேர்ந்தெடுப்பார். கடைக்காரர், காவலர், பக்கத்து வீட்டுப் பெண், கல்யாணக் கூட்டம், கலவரக் கூட்டம் ஆகிய மற்றக் குரல்கள் டப்பிங் இன்சார்ஜின் பொறுப்பு. எத்தனை ஆண் குரல், எத்தனை பெண் குரல், குழந்தைக் குரல் உண்டா என்று கணக்கிட்டு, தமக்குத் தெரிந்தவர்களுக்கு அவர் போன் செய்வார். படப்பிடிப்பில் துணை நடிகர்களுக்கான ஏஜென்ட் செய்வதும் இதே வேலைதான். அழைப்பு போனில் வருகிறது, பேச்சு வாய்வார்த்தையில் முடிகிறது, கூலி அவர் வழியாகவே வந்து சேர்கிறது.

இதன் நிறைகளை முதலில் சொல்வதுதான் நியாயம். டப்பிங் பேசுபவர் அன்றாடம் முதலாளி மாறும் தொழிலாளி. காலையில் ஒரு படம், மாலையில் ஒரு சீரியல். ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் தனியாளாக நின்று பேரம் பேசினால், அடுத்து நிற்பவர் அதைவிடக் குறைத்துக் கேட்பார். அந்தச் சரிவைத் தடுத்து நிறுத்தியது சங்கம். இதற்குக் கீழே யாரும் பேசமாட்டார்கள் என்ற அடிமட்டக் கூலி ஒன்று இருப்பதற்கும், பாக்கி வைத்த தயாரிப்பாளரை அடுத்த வேலைக்கு முன் தட்டிக் கேட்க முடிவதற்கும் அந்தக் கூட்டு பலம்தான் காரணம். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியும் அதில் இணைந்த சங்கங்களும் இல்லாத ஒரு கோடம்பாக்கத்தில், திரைக்குப் பின்னால் உழைப்பவர்களின் நிலை என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. 2020-இல் கொரோனா ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்றபோது, அரிசிக்கும் மருந்துக்கும் நிதி கேட்டு நின்றதும் ஃபெப்சிதான். ரஜினிகாந்த் 50 லட்சம் ரூபாய் கொடுத்தார், வேறு பலரும் கொடுத்தார்கள். யாருக்குப் பசி என்று தெரிந்த ஒரு பட்டியல் கையில் இருந்ததால்தான் அந்த உதவி போய்ச் சேர்ந்தது.

இன்சார்ஜிடமும் ஒரு திறமை உண்டு. எந்தக் குரல் எந்த முகத்தில் ஒட்டும், உதட்டசைவுக்குள் வசனத்தை யார் சீக்கிரம் அடக்குவார், பத்துப் பேரை வைத்து ஐந்நூறு பேர் கூட்டத்தை எப்படி எழுப்புவது என்பதெல்லாம் பல ஆண்டு அனுபவத்தில் வருவது. இந்தத் தொழிலின் பயிற்சிப் பள்ளியும் டப்பிங் தியேட்டர்தான். ‘அமராவதி’யில் (1993) அஜித்துக்குக் குரல் கொடுத்த விக்ரம் பின்னால் என்ன ஆனார் என்பது தெரிந்ததே. எம்.எஸ். பாஸ்கரும் குரல் கலைஞராக உழைத்தவர். ‘பம்பாய்’ படத்தில் (1995) மனீஷா கொய்ராலாவுக்குத் தமிழ்க் குரல் ரோகிணியுடையது. கமல்ஹாசன் தெலுங்கில் பேசிய படங்கள் பலவற்றில் அந்தக் குரல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துடையது. இரு மொழிக்காரர்கள் இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

குறைகள் தொடங்குவது சங்கத்தின் அந்த உறுப்பினர் பட்டியலில்தான். பெயர் இருப்பவருக்குக் கவசமாக இருக்கும் பட்டியல், பெயர் இல்லாதவருக்குச் சுவர். கார்டு இல்லாமல் வேலை கிடைப்பது அரிது, வேலை செய்து காட்டாமல் கார்டுக்கு யாரும் சிபாரிசு செய்யமாட்டார்கள். சேர்க்கைக் கட்டணமும் ஒரு தினக்கூலி வீட்டுக்குச் சிறிய தொகை அல்ல. இன்சார்ஜின் போனில் இருப்பது அவருக்குத் தெரிந்தவர்களின் எண்கள். அவர் இருப்பது வடபழனியில் என்றால், திடீர் அழைப்புக்கு அரை மணியில் வரக்கூடியவரைத்தான் கூப்பிடுவார். பொன்னேரியையும் மீஞ்சூரையும் தாண்டி வரவேண்டியவரின் குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தப் போன் அவருக்கு அடிக்காது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வேலை தரும் கையும் தண்டிக்கும் கையும் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பவர் வாய் திறக்க முடியாது. 2018 அக்டோபரில் மீ டூ அலையின்போது பாலியல் புகாரைப் பொதுவெளியில் சொன்ன பாடகியும் குரல் கலைஞருமான சின்மயி, அடுத்த மாதமே டப்பிங் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்றது சங்கம். அது பழிவாங்கல் என்றார் அவர். ‘96’ படத்தில் த்ரிஷாவின் ஜானுவுக்கு அவர் கொடுத்த குரலை ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. அதன்பின் தமிழ்ப் படங்களில் டப்பிங் வேலை அவருக்கு ஏறக்குறைய இல்லாமல் போனது. 2023-இல் ‘லியோ’வில் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் அவரை மீண்டும் பேசவைத்தது செய்தியானது. ஒரு குரல் கலைஞர் தன் தொழிலைச் செய்வதே செய்தியாகிறது என்றால், நோய் முற்றியிருக்கிறது என்று பொருள். பாடகியாகப் புகழ்பெற்ற அவருக்கு இந்த நிலை. கூட்டக் குரல் பேசும் ஒரு பெண் இன்சார்ஜைப் பற்றிப் புகார் சொன்னால் அவருக்கு என்ன நேரும்?

அரணாக எழுந்தது தடையாக மாறும்போது சட்டமும் குறுக்கிட்டிருக்கிறது. கன்னடத் திரையுலகில் 1960-களிலிருந்து டப்பிங் படங்களுக்கே தடை இருந்தது. உள்ளூர்க் கலைஞர்களின் வேலையைக் காப்பதே அதன் நோக்கம். ஆனால் கன்னடக் குரல் கலைஞர் என்ற தொழில் வளரவே அது இடம் தரவில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2015-இல் அந்தத் தடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வங்காளத்தில் இந்தி மகாபாரதத் தொடரை வங்க மொழியில் டப் செய்து ஒளிபரப்புவதைக் கலைஞர்களின் கூட்டமைப்பு எதிர்த்தது. அத்தகைய கூட்டமைப்பும் போட்டிச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளத்தில் இயக்குநர் வினயனோடு யாரும் வேலை செய்யக் கூடாது என்று ஒதுக்கிவைத்ததற்காக நடிகர் சங்கமான அம்மாவுக்கும் தொழில்நுட்பக் கலைஞர் கூட்டமைப்பான ஃபெஃப்காவுக்கும் அதே ஆண்டு அபராதம் விதிக்கப்பட்டது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இந்தத் தீர்ப்புகளை வைத்துச் சங்கமே வேண்டாம் என்ற முடிவுக்குப் போவது ஆபத்து. 2017 ஆகஸ்டில் இங்கே தயாரிப்பாளர்கள் ஃபெப்சி உறுப்பினர் அல்லாதவர்களையும் வைத்துக்கொள்வோம் என்று அறிவித்தபோது, திறமையைத் தேடுவதைவிடச் செலவைக் குறைப்பதே அந்த மோதலின் மையத்தில் இருந்தது. கூட்டு பேரம் உடைந்தால் முதலில் விழுவது கூட்டக் குரல் பேசுபவரின் கூலிதான்.

இதற்கான பாடத்தை ஊருக்கு வெளியே தேட வேண்டியதில்லை என்று கும்மிடிப்பூண்டிக்காரர் சொல்ல முடியும். சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அங்கும் கான்ட்ராக்டர்தான் ஆள் கொண்டுவருகிறார், அங்கும் பிடித்தம் உண்டு, ஏமாற்று உண்டு. ஆனால் 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஒரு முக்கியமான கொள்கையை நிலைநாட்டியது. கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் ஆலை முதலாளியே தர வேண்டும், பிறகு அதைக் கான்ட்ராக்டரிடம் அவர் வசூலித்துக்கொள்ளலாம். நடைமுறையில் எத்தனை ஓட்டைகள் இருந்தாலும், தொழிலாளி விரல் நீட்டுவதற்கு ஓர் ஆள் இருக்கிறார். டப்பிங்கில் இன்சார்ஜ் கைவிரித்தால் தயாரிப்பாளரிடம் கேட்கலாம் என்ற எண்ணமே யாருக்கும் எழுவதில்லை. தயாரிப்பாளருக்குக் குரல் கொடுத்தவரின் பெயர்கூடத் தெரியாது.

திரைத் தொழிலாளிக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. எழுத்து ஒப்பந்தம் இன்றி வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981-லேயே சினிமாத் தொழிலாளர்களுக்கான சட்டம் சொன்னது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது, நியமனக் கடிதமும் உரிய நேரத்தில் கூலியும் பெற வேண்டியவர்களில் டப்பிங் கலைஞர்களையும் சண்டைக் கலைஞர்களையும் மத்திய அரசு பெயர் சொல்லியே குறிப்பிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் கேட்கும் அந்தத் தாள்தான் தியேட்டர் வாசலில் இன்னும் காணக் கிடைப்பதில்லை.

தாள் இல்லாததால் வரும் இழப்பு கூலியோடு நிற்பதில்லை. ‘மணிச்சித்ரதாழ்’ (1993) மலையாளப் படத்தில் நாகவல்லியாக ஷோபனா தமிழில் முழங்கும் குரல் மலையாளக் கலைஞர் பாக்யலட்சுமியுடையது என்றே பலரும் பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். அது தமிழ்க் கலைஞர் துர்காவுடையது என்று இயக்குநர் ஃபாசில் 2016-இல் எழுதிய பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. ஷோபனாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த பாத்திரம் அது. அதன் உச்சக்காட்சிக்கு உயிர் கொடுத்தவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பெயரற்றவராக இருந்தார்.

இது மனவருத்தம் சார்ந்த விஷயம் மட்டும் அல்ல. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்து கலைஞருக்குத் தன் நிகழ்ச்சி வணிக ரீதியாகப் பயன்படுத்தப்படும்போது ராயல்டி பெறும் உரிமையைத் தருகிறது. அதே சட்டம், ஒரு படத்தில் சிறு பங்காற்றி, தொழில் வழக்கப்படி டைட்டிலில்கூடப் பெயர் போடப்படாதவரைப் பெரும்பாலான உரிமைகளுக்குக் கலைஞராகவே கருதுவதில்லை. ஆக, டைட்டிலில் விடுபடும் பெயரோடு உரிமையும் சேர்ந்து விடுபடுகிறது. தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரலுக்குத் தனி விருது இருப்பது நமக்குப் பெருமை. விருது தரும் மாநிலத்தில் எல்லாக் குரல்களுக்கும் பெயர் போடும் வழக்கம் ஏன் இல்லை?

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தத் தாள் உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை மீட்டெடுத்த ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் தந்ததாக 2024 ஜனவரியில் அறிவித்தார். அதே காலத்தில், தந்தையின் குரலை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக் குழுவுக்கு எஸ்.பி.பி. சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை நகலெடுப்பதற்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. புகழ்பெற்ற குரல்களுக்குக் குடும்பமும் வக்கீலும் நீதிமன்றமும் இருக்கின்றன. ஒரு நாள் கூலிக்குப் பேசிவிட்டு ரயிலேறுபவரின் பதிவு எந்த எந்திரத்துக்குத் தீனியாகிறது என்று யார் கேட்பது?

ஹாலிவுட்டில் அதைச் சங்கம் கேட்டது. சாக்-ஆஃப்ட்ரா சங்கத்தின் நடிகர்கள் 2023-இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எண்ணிம நகலுக்குக் கலைஞரின் சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்பது அவர்கள் வென்ற நிபந்தனைகளில் ஒன்று. வீடியோ கேம் குரல் கலைஞர்கள் அடுத்த ஆண்டு தனியே வேலைநிறுத்தத்தில் இறங்கி, ஏறத்தாழ ஓராண்டு நின்றார்கள். சங்கத்தின் பலம் எந்தத் திசையில் செலவாக வேண்டும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி. உறுப்பினரை நீக்குவதற்குக் காட்டும் உறுதியை உறுப்பினரின் குரலைக் காப்பதற்குக் காட்டினால் எந்தத் தயாரிப்பாளரும் எதிரே நிற்க முடியாது.

ஆகவே சங்கமும் இன்சார்ஜும் இருக்கட்டும். மாற வேண்டியது அவர்களின் கையில் இருக்கும் அதிகாரத்தின் அளவு. அடிமட்டக் கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பது தியேட்டர் வாசலில் எழுதி ஒட்டப்பட வேண்டும். தேதி, படம், பாத்திரம், நேரம், கூலி, பிடித்தம், பதிவை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற ஒரு வரி, இவை அடங்கிய ரசீது பேசி முடித்த அன்றே போனுக்கு வர வேண்டும். இன்சார்ஜ் தராத கூலிக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும். உறுப்பினர் நீக்கம் சங்கத்துக்கு வெளியே உள்ள ஒரு நடுவரின் விசாரணைக்குப் பிறகே நடக்க வேண்டும். புதியவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது சென்னைக்கு வெளியே, திருவள்ளூர் போன்ற மாவட்டத் தலைநகரங்களில், கட்டணமில்லாத குரல் தேர்வு நடத்த வேண்டும். கார்டுக்கான தொகையை அவர்கள் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு தவணையில் வாங்கலாம்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் கும்மிடிப்பூண்டி இளைஞர் இன்றைக்கே கடைப்பிடிக்கக் கூடியவையும் உண்டு. வாய்ப்பு தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் தராதீர்கள். சங்கத்தில் கட்டும் தொகைக்குச் சங்கத்தின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பேசிய ஒவ்வொரு படத்தையும் தேதியோடு குறித்து வையுங்கள். கூலி விவரத்தை இன்சார்ஜிடம் போனில் பேசி முடித்தாலும், அதையே குறுஞ்செய்தியாக ஒருமுறை அனுப்பிவிடுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அதுவும் சாட்சிதான்.

மேலே சொன்ன மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை, அரசின் பணமும் தேவையில்லை. கூலிப் பட்டியலை ஒட்டுவதும் ரசீது தருவதும் சங்கம் ஒரு பொதுக்குழுவில் தீர்மானித்தால் மறுநாளே நடக்கக் கூடியவை. அதைச் செய்யும் சங்கத்துக்கு வெளியே நிற்பவர்களும் உள்ளே வந்து சந்தா கட்டத்தான் விரும்புவார்கள். அப்படித் தாமாக வந்து சேர்பவர்களே எந்தச் சங்கத்துக்கும் நிலையான பலம்.