வருமுன் கொடுக்கும் மருந்து: திருகோணமலைத் தேன்பெட்டிகளுக்கு அது தகுமா?

ஒட்சிடெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பித் தூளை அரைத்த சீனியோடு கலந்து, புழு அடைகள் உள்ள சட்டங்களின் மேல் ஓரமாகத் தூவுவார்கள். ஒரு தேனீக் குடிக்கு 200 மில்லிகிராம், நாலைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. தேன் வரத்துத் தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக வழங்கிவந்த முறை இது. புழு அழுகல் நோய் கண்ட பெட்டிக்கு மட்டுமல்லாமல், நோயின் அறிகுறியே இல்லாத பெட்டிகளுக்கும் வருமுன் காப்பாகக் கொடுத்தார்கள். மூதூரிலோ குச்சவெளியிலோ ஐந்தாறு பெட்டிகளோடு தொழில் தொடங்கும் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, கோழிக்கு வாங்கும் தூளையே பெட்டிக்கும் போடலாமா என்று கேட்டால் என்ன சொல்வது?

வேண்டாம் என்பதே என் முடிவு. ஆனால் இந்த வழக்கத்துக்குப் பின்னால் உள்ள அச்சம் உண்மையானது. அமெரிக்கப் புழு அழுகல் என்று பெயர் பெற்ற நோயை உண்டாக்கும் பெனிபசிலஸ் லார்வே என்ற பக்டீரியா, பொரித்து ஒரு நாளே ஆன புழுவைத் தாக்கும். அதன் வித்துகள் (ஸ்போர்கள்) பத்து வயிற்றுக்குள் போனாலே போதும். புழு அழுகி, காப்பி நிறக் கூழாகும். ஈர்க்கால் தொட்டு இழுத்தால் நூல் போல நீளும். அப்படி இறந்த ஒரு புழுவிலிருந்து நூறு கோடிக்கும் மேற்பட்ட வித்துகள் உண்டாகலாம். அவை அடையிலும் பலகையிலும் தேனிலும் 35 ஆண்டுக்கு மேலும் உயிர்ப்போடு கிடக்கும். ஆயிரக்கணக்கான பெட்டிகளை லொறியில் ஏற்றி, பாதாம் தோட்டத்துக்கும் அங்கிருந்து வேறு தோட்டங்களுக்கும் கொண்டுபோகும் ஒருவருக்கு இது எத்தகைய கிலி என்பது புரிகிறது. மருந்தோ மலிவு. போட்ட சில நாட்களில் புழுக்கள் வெள்ளை வெளேரென்று மினுங்கும்.

அந்த மினுக்கந்தான் சிக்கலே. டெட்ராசைக்கிளின் வளர்ந்து பெருகும் பக்டீரியாவைத்தான் அடக்கும். வித்தை ஒன்றும் செய்யாது. மருந்து நின்றதும் வித்து முளைக்கும், ஆகவே மருந்தை நிறுத்தவே முடியாது. இடைப்பட்ட காலத்தில் நோய் கண்ணுக்குத் தெரியாததால் அதே அடை இன்னொரு பெட்டிக்குப் போகும், பெட்டி இன்னொரு கைக்கு விலைபோகும். 1990களின் இறுதிக்குள் அமெரிக்காவிலும் ஆர்ஜென்டினாவிலும் டெட்ராசைக்கிளினுக்கு அடங்காத வகைகள் தென்பட்டன. 2005இல் டைலோசின் என்ற அடுத்த மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. 2017 ஜனவரி 1 முதல் அங்கேயே கால்நடை வைத்தியரின் உத்தரவு இல்லாமல் தேனீக்கு இந்த மருந்துகளை வாங்க முடியாது. நியூசிலாந்து வேறு வழியில் நடக்கிறது: நோய் கண்ட குடியை எரிப்பது, மருந்து கொடுப்பதைத் தடைசெய்வது.

தேனீயின் குடலுக்குள் நடப்பது இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். சில வகைப் பக்டீரியாக்களே அங்கு நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. மகரந்தம் செரிக்கவும் நோய்க்கிருமியை விரட்டவும் அவை உதவுகின்றன. பொரித்து வெளிவரும் இளம் தேனீ அவற்றை மூத்த தேனீக்களோடு பழகித்தான் பெற்றுக்கொள்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட சோதனையில், டெட்ராசைக்கிளின் ஊட்டிய தேனீக்களைப் பெட்டிக்குத் திருப்பி விட்டார்கள். மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது, மருந்து உண்ணாதவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியிருந்தன. மருந்து உண்டவற்றில் மூன்றில் ஒரு பங்கே. நோயில்லாத குடிக்கு மருந்து கொடுப்பவர் இல்லாத எதிரிக்காக இருக்கும் காவலைக் கலைக்கிறார்.

இவையெல்லாம் மேற்கத்தியத் தேனீயின் கதை. நம்மிடம் பெட்டியில் வளர்வது ஏப்பிஸ் செரானா. ஏப்பிஸ் மெலிபெரா இலங்கையில் வேரூன்றவில்லை. செரானாவின் குடி சிறியது, ஆகவே அங்கு வகுத்த அளவு இங்கு பொருந்தாது. நோயுற்ற புழுவை விரைவில் இழுத்து வெளியே போடும் பழக்கம் அதற்கு வலுவாக உண்டு. மெலிபெராவைச் சூறையாடும் வரோவா உண்ணியோடு காலங்காலமாக வாழ்ந்து பழகிய இனமும் அதுதான். அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: பசித்தால், எறும்பும் மெழுகு அந்தும் தொல்லை கொடுத்தால், வெயில் சுட்டால், பெட்டியை விட்டு ஒட்டுமொத்தமாகப் பறந்துவிடும்.

செரானாவுக்கு நேர்ந்த மிகப் பெரிய அழிவு எதனால் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1976இல் தாய்லாந்தில் அறியப்பட்ட சாக்புரூட் வைரசு வகை, 1991-92இல் தென்னிந்தியாவுக்குள் புகுந்தது. மார்த்தாண்டம் உள்ளிட்ட கன்னியாகுமரிப் பகுதியிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட குடிகள் அழிந்தன. தேனை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த வீடுகளில் வெறும் பெட்டிகள் அடுக்கப்பட்டன. அது வைரசு, எந்த நுண்ணுயிர் எதிர்ப்பியும் அதன் அருகே போகாது. தப்பிப் பிழைத்த குடிகளைப் பிரித்துப் பெருக்கியதால்தான் அங்கே தொழில் மீண்டும் தலையெடுத்தது.

செரானாவைத் தாக்கும் பக்டீரிய நோய்களில் ஐரோப்பியப் புழு அழுகலைத்தான் மருந்துக்கு ஆதரவாகச் சொல்லலாம். அதற்கு அந்தப் பிடிவாதமான வித்து இல்லை. பெட்டியில் உணவும் பணித் தேனீயும் குறையும்போது தலைதூக்கும். பூ வரத்து வந்ததும் பல குடிகள் தாமாகவே தேறிவிடும். மோசமான நிலையில், ஆய்வுகூடம் உறுதிசெய்து, கால்நடை வைத்தியர் அளவு சொல்லி, அந்தப் பெட்டியின் தேனை மனிதருக்கு எடுக்காமல் ஒரு முறை மருந்து கொடுப்பதை நான் மறுக்கமாட்டேன். அது சிகிச்சை. வருமுன் தூவுவதோடு அதைச் சேர்த்துப் பேசக்கூடாது.

திருகோணமலையில் தேன் சுவைக்காக மட்டும் விலைபோகும் பண்டம் அல்ல. வைத்தியர் சூரணத்தைக் குழைக்கச் சொல்வது தேனில். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் கரையோர வேடர் வழிவந்தவர்கள் காட்டிலிருந்து கொண்டுவரும் தேனை ஆட்கள் தேடி வாங்குவது, அதில் வேறெதுவும் கலந்திருக்காது என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அயலிலேயே சாட்சி உண்டு. 2010 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேன் இறக்குமதியை நிறுத்தியது. அதே ஆண்டு டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடையில் வாங்கிய 12 தேன் மாதிரிகளைச் சோதித்தபோது 11இல் நுண்ணுயிர் எதிர்ப்பி இருந்தது; வெளிநாட்டுத் தேனும் தப்பவில்லை. ஒரு பெட்டிக்காரர் தூவிய தூளுக்கு, தூவாத பெட்டிக்காரரும் விலை கொடுத்தார்.

துறைமுக மாவட்டம் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2007இல் அவுஸ்திரேலியாவின் கெயான்ஸ் துறைமுகத்தில் ஒரு படகின் பாய்மரத்துக்குள் செரானாக் கூடு கண்டுபிடிக்கப்பட்டது; இன்றுவரை அங்கே அந்த இனத்தை ஒழிக்க முடியவில்லை. 2022 ஜூனில் அதே நாட்டின் நியூகாசில் துறைமுகத்தருகே வைத்திருந்த காவல் பெட்டிகளில்தான் வரோவா முதலில் அகப்பட்டது. சீனக்குடா மாவு ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வருகிறது, சீமெந்துக் கப்பல் வருகிறது. புது நோய் இங்கு இறங்குவதானால் துறைமுகக் கரையிலுள்ள பெட்டிகளே முதலில் காட்டிக்கொடுக்கும். அவற்றுக்கு ஏற்கெனவே மருந்து போட்டிருந்தால், புழு அழுகல் வந்தும் அறிகுறி தெரியாது. கடையில் வாங்கிய இறக்குமதித் தேனைத் தேனீக்கு ஊட்டுவதும் நோய் வந்திறங்க வழி திறப்பதால் ஆபத்து. வித்து பயணம் செய்ய அதைவிட வசதியான வாகனம் இல்லை.

கச்சான் வீசும் மாதங்களில் வீரையும் பாலையும் பூத்து ஓய்ந்து, புல் கருகிக் கிடக்கும். குடிகள் மெலிவதும் பறப்பதும் அப்போதுதான். நிழல், பக்கத்தில் தண்ணீர், அளவான சீனிப்பாணி, எறும்பேறாத கால், பழைய கறுப்பு அடையை ஆண்டுதோறும் வெட்டி எடுப்பது ஆகியவை செய்யும் வேலையை எந்தத் தூளும் செய்யாது. கந்தளாய், தம்பலகாமம் வயல்களில் பூச்சிமருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே பெட்டிக்காரருக்குச் சொல்லும் வழக்கம் வந்தால் அது பல குடிகளைக் காப்பாற்றும்.

இதையெல்லாம் கேட்டபின்னும் தூளைக் கையில் எடுப்பவரை நான் குறை சொல்லத் தயாரில்லை. போரிலும் சுனாமியிலும் எல்லாவற்றையும் இழந்து, கடன் பட்டு ஆறு பெட்டி வாங்கியவருக்கு, நோய் வந்தால் எரித்துவிடு என்பது மட்டும் பதிலாகாது. விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருப்பது பண்டாரவளைப் பிந்துனுவெவையில். இங்கிருந்து ஒரு புழு அடைத் துண்டை அங்கே கொண்டுபோய்க் காட்ட ஒரு நாள் கூலி போய்விடும். மாவட்டத்துக்குள்ளேயே அடையைப் பரிசோதிக்க ஓர் இடம் வேண்டும். எரிக்கச் சொல்லும் அதிகாரி, எரிந்த பெட்டிக்கும் குடிக்கும் உரிய பெறுமதியை அந்த மாதமே கொடுக்கும் ஏற்பாடும் வேண்டும். அவை இரண்டும் இல்லாதவரை, மருந்துக் கடைக்குப் போவதுதான் அவருக்கு மலிவான வழியாக இருக்கும்.