கொழுப்பு உருக வேண்டும்

வாத்தைக் கோழி போலச் சமைக்கப் போய், எண்ணெய் மிதக்கும் குழம்பும் பல்லில் இழுபடும் கறியுமாக முடிந்து, ‘வாத்துக்கறி கவுச்சி’ என்று ஒதுக்கிவிட்டவர்கள் ஏராளம். பழி பறவைமேல் விழுகிறது. நீரிலேயே பாதிப் பொழுதைக் கழிக்கும் உயிருக்குக் குளிர் தாங்கத் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு வேண்டும். அந்தக் கொழுப்பை என்ன செய்வது என்பதில்தான் வாத்துச் சமையலின் முக்கால் பங்கு அடங்கியிருக்கிறது.

குட்டநாட்டு வீடுகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆலப்புழை, கோட்டயம் பக்கம் கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் பூமி அது. அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்று வளர்பவை சாரா, செம்பல்லி என்னும் நாட்டு வாத்துகள். நாளெல்லாம் நடந்தும் நீந்தியும் திரிவதால் தசை இறுகி, கறி நல்ல சிவப்பாக இருக்கும். சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் ஐம்பது நாள் நோன்பிருந்து, ஈஸ்டர் காலையில் கோயிலுக்குப் போய் வந்ததும் பாலப்பத்தோடு இலைக்கு வருவது பெரும்பாலும் இந்தக் கறிதான்.

சுத்தம் செய்வதே தனி வேலை. கோழியைப் போல வெந்நீரில் முக்கியவுடன் இறகு விடாது; எண்ணெய் பூசிய இறகுக்குள் தண்ணீர் இறங்க நேரமாகும். மிச்சம் நிற்கும் முள்ளிறகுகளைத் தீயில் வாட்டிச் சுரண்ட வேண்டும். வாலுக்கு மேலே ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. பறவை அலகால் தொட்டுத் தொட்டு இறகில் பூசிக்கொள்வது அதிலிருந்துதான். அதை வெட்டி எறியாமல் விட்டால் எந்த மசாலாவாலும் கறியைக் காப்பாற்ற முடியாது.

குட்டநாட்டில் வாத்துக்கு இரண்டு பெரிய வழிகள். மப்பாஸ் என்பது மல்லித்தூள் தூக்கலாகப் போட்டு, இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, முதல் பாலை ஊற்றிக் கொதிக்கும் முன்பே இறக்குவது. விருந்தாளிக்குப் பிடித்தது அது. ரசிகனுக்கு ரோஸ்ட்தான். மிளகு, மஞ்சள், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் வினிகரோடு துண்டுகளை மெத்தென்று வேகவைத்து, நீரை வடித்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு தோல் அடியில் படும்படி உருளியில் அடுக்கிச் சிறு தீயில் விடுகிறார்கள். முதலில் ஒரே படபடப்பு, சுற்றிலும் தெறிக்கும். ஈரம் வற்ற வற்றச் சத்தம் அடங்கும். கொழுப்பு தெளிந்து நிற்க, தோல் பொன்னிறமாகச் சுருங்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தோல் கருகும், கொழுப்போ உள்ளேயே தங்கிவிடும். துண்டுகளை எடுத்துவிட்டு அதே கொழுப்பில் வெங்காயத்தை வதக்கி, வடித்த நீரை ஊற்றிச் சுண்டவைத்துக் கறியைப் புரட்டினால் ரோஸ்ட் தயார்.

பிரான்ஸின் காஸ்கனியில் நேர் எதிர். ஈரலுக்காகக் கொழுக்க வளர்த்த வாத்தின் நெஞ்சுக்கறியை மாட்டுக்கறி போல உள்ளே சிவப்பாக வைத்துப் பரிமாறும் வழக்கத்தைப் பரப்பியவர் ஓஷ் நகரச் சமையற்கலைஞர் ஆந்த்ரே தாகேன். அங்கும் தோலை மட்டும் கட்டம் கட்டமாகக் கீறி, அந்தப் பக்கத்தைத்தான் முதலில் சட்டியில் வைக்கிறார்கள். கத்தி தசையைத் தொடக் கூடாது. வயலில் திரிந்த குட்டநாட்டு வாத்தை இப்படி அரைவேக்காட்டில் இறக்கினால் கடிக்க முடியாது.

வாத்தின் பெரிய உறவான பெருவாத்துக்கு (goose) அடுப்பும் பெரிதாக வேண்டும். டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் கிராச்சிட் குடும்பத்தின் பெருவாத்து வேகுவதே ரொட்டிக்கடை அடுப்பில்தான். ஏழை வீடுகளில் அவ்வளவு பெரிய அடுப்பு ஏது? ஜெர்மனியில் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளையொட்டி வீடுகளில் பெருவாத்து வாட்டுகிறார்கள். வயிற்றுக்குள் ஆப்பிளும் வெங்காயமும், நம் மாசிபத்திரியின் உறவான ஒரு கசப்பு மூலிகையும். அந்தக் கசப்பு கொழுப்பின் திகட்டலை முறிக்கிறது. வழியும் கொழுப்பை அவ்வப்போது தட்டிலிருந்து வடித்துச் சேர்த்து, உறைந்ததும் உப்புத் தூவிக் கம்பு ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். வெண்ணெய் அதன் பக்கத்தில் நிற்காது.

குட்டநாட்டில் சேர்த்து வைக்கிற பேச்சே இல்லை. ரோஸ்டுக்குக் கொழுப்பு உருகும்போதே உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கி அதில் பொரித்துக் கறிமேல் அடுக்கிவிடுகிறார்கள். கறிக்கு முன்னால் தீர்ந்துபோவது அதுதான்.