வராத சுருதி காதில் விழுகிறது!

பழைய லேண்ட்லைனில் அப்பா பேசுகிறார். அந்தக் கனத்த குரலின் அடிச்சுருதி கம்பி வழியாக வரவே இல்லை, ஆனாலும் நமக்குக் கேட்கிறது! இது தெரிந்த நாள்முதல் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் என்னைக் கண்டாலே நழுவுகிறார்கள். போகட்டும், உங்களிடம் சொல்கிறேன்.

அப்பாவின் அடிச்சுருதி 120 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். குரல்நாண்கள் அதிரும்போது அதன் மடங்குகளான 240, 360, 480, 600 எல்லாமும் சேர்ந்தே கிளம்பும். லேண்ட்லைன் கடத்துவதோ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். ஆக 120 போச்சு, 240-உம் போச்சு. வந்து சேரும் மிச்சத்தைப் பார்த்த மூளை, பிள்ளைகளின் ஜாடையை வைத்தே தகப்பன் யாரென்று சொல்லும் ஊர்ப் பெரியவர் மாதிரி, 'இதெல்லாம் 120-இன் வகையறா' என்று கண்டுபிடித்துவிடுகிறது. குரங்கும் இதில் சளைத்ததில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பெண்டோர், வாங் என்ற இரு ஆய்வாளர்கள் மார்மொசெட் குரங்குகளின் மூளையில், அடிச்சுருதியை எடுத்துவிட்டாலும் அதே சுருதிக்குத் துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டு 2005இல் வெளியிட்டார்கள்.

சோதித்தே பார்ப்பது என்று, பேச்சொலியை ஆராயும் 'பிராட்' மென்பொருளை இறக்கினேன். ஆம்ஸ்டர்டாமில் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கியது, காசு கிடையாது. (தோற்றத்தைப் பார்த்து மிரளாதீர்கள்.) என் குரலில் 'சரி' என்று பதிந்து, 300க்குக் கீழே இருந்ததையெல்லாம் வடிகட்டிவிட்டு, நல்ல ஹெட்போனில் கேட்டேன். குரல் சின்ன டிரான்சிஸ்டரில் வருவதுபோல் மெலிந்திருந்தது. சுருதி? இம்மியும் நகரவில்லை! நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

அதோடு விடவில்லை. ஒப்புக்கொள்ளும் 'சரி', சம்மதம் கேட்கும் 'சரி?', ஆளை விட்டால் போதும் என்கிற 'சரீ...' என்று வகைவகையாகப் பதிந்தேன். திரையில் சுருதி நீலக்கோடாக ஓடுகிறது. முதலாவது சரிந்தது, கேள்வி கடைசியில் சட்டென்று ஏறியது, சலிப்பு தரையோடு தரையாக ஊர்ந்தது. என் மகளின் 'சரி?' என்னுடையதைவிட எங்கோ உயரத்தில் நின்றது, ஆனால் வளைவு அச்சு அசலாக அதேதான்.

மூளை பிடிப்பது அந்த வளைவைத்தான்! வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் வைக்கப்பட்டவர்களிடம் சான் பிரான்சிஸ்கோவின் எட்வர்ட் சாங் குழு ஆய்ந்து, 2017இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. காதை ஒட்டிய மேல் பொட்டு மடிப்பில் சில இடங்கள் ஏற்ற இறக்கத்துக்கு மட்டுமே அசைகின்றன. பேசுவது யார், என்ன சொல் என்பதைப் பற்றி அவற்றுக்கு அக்கறையே இல்லை. குரலின் உயரத்தைக்கூட அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, அந்த ஆளின் வழக்கமான சுருதியோடு ஒப்பிட்டே அளக்கின்றன. ஆளையும் ஒலியையும் கவனிப்பவை வேறு இடங்கள்.

இன்னொன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மூளைத்தண்டின் நரம்புகள் கேட்கும் குரலின் அதிர்வோடு சேர்ந்தே துடிக்கின்றன. தலையில் ஒட்டிய மின்முனைகளால் அந்தத் துடிப்பைப் பதிந்து, 1995இல் கால்பிரைத் என்ற ஆய்வாளரின் குழு அதையே ஒலியாக ஓடவிட்டது. கேட்டவர்களுக்குச் சொல் புரிந்தது! அந்த ஒலிப்பதிவு யாரிடமாவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நடுராத்திரியில் எழுப்பினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.